மடை திறப்பவரே ஆசிரியர்

தந்தை வேள்வி செய்கிறார். பால் வற்றி, இனிப் புல் மேயவும் வலுவில்லாத கிழப்பசுக்கள் தானமாகச் செல்கின்றன. அருகில் நிற்கும் சிறுவன் நசிகேதன் அதைக் கண்டு கலங்கி, தன்னை யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்று தந்தையைக் கேட்கிறான். ஒரு முறையல்ல, மூன்று முறை. தந்தைக்குக் கோபம் வந்துவிடுகிறது. எமனுக்குக் கொடுத்தேன் என்று சொல்லிவிடுகிறார். கடோபநிஷதம் இப்படித்தான் தொடங்குகிறது. ஆத்ம தத்துவத்தைத் தேடி அதைப் படிப்பவர்கள், விடாமல் கேள்வி கேட்கும் குழந்தையிடம் பெரியவர்கள் எவ்வாறு நடந்துகொள்கிறார்கள் என்பதும் அந்த முதல் சில வரிகளிலேயே இருப்பதைக் கவனியாமல் கடந்துவிடுவதுண்டு.

உபநிஷதம் அங்கே ஒரு சொல்லை வைக்கிறது: சிரத்தை. சிறுவனாக இருந்தபோதே அது அவனை ஆட்கொண்டது. யாரும் பாடம் நடத்தி அதை அவனுக்குத் தரவில்லை. தந்தை தந்திருக்கவும் முடியாது. அந்த வேளையில் அவரிடமே அது குறைவாக இருந்தது.

குழந்தை எவ்வாறு கற்கிறது என்ற கேள்விக்குப் பதஞ்சலி முனிவரின் யோக சூத்திரத்திலும் விடை இருக்கிறது. நான்காம் பாதத்தின் மூன்றாம் சூத்திரம் உழவனை உவமையாகக் காட்டுகிறது. நீர் நிறைந்த பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு அவன் நீரைக் கைகளால் தள்ளிக்கொண்டு போவதில்லை. வரப்பை வெட்டி மடையைத் திறக்கிறான்; நீர் தானே பாய்கிறது. வியாச பாஷ்யம் இன்னும் ஓர் அடி மேலே செல்கிறது. பயிரின் வேருக்குள் நீரையும் மண்ணின் சாரத்தையும் புகுத்த அந்த உழவனால் முடியாது. களையை நீக்குவதோடு அவன் வேலை முடிகிறது, வேர் தானே உறிஞ்சிக்கொள்கிறது. சுவாமி விவேகானந்தர் கல்வியைப் பற்றிக் கூறியவற்றுக்கு இக்கருத்தே அடித்தளம். செடியை யாரும் வளர்ப்பதில்லை, அது தானே வளர்கிறது. குழந்தையும் அவ்வாறே தன்னைத் தானே கற்பித்துக்கொள்கிறது என்பது அவர் துணிபு.

இத்தாலியில் மரியா மாண்டிசோரி என்ற மருத்துவர் 1907-இல் ரோம் நகரின் சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில் ஒரு குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். அங்கு மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, மரக்கட்டையில் குடையப்பட்ட குழிகளில் உருளைகளைப் பொருத்திக்கொண்டிருந்தாள். மற்றக் குழந்தைகளைச் சுற்றி நின்று பாடச் செய்தார்; அவள் நிமிரவில்லை. நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தார். உருளைகளை மடியில் அணைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள். 40-க்கும் மேற்பட்ட முறை செய்த பின்னரே, உறக்கத்திலிருந்து எழுந்தவள்போல் மலர்ந்த முகத்துடன் நிறுத்தினாள். சாதகர்கள் ஆண்டுக்கணக்கில் முயன்று நாடும் மன ஒருமை, பரிசோ தண்டனையோ இல்லாமல் அந்தக் குழந்தைக்குக் கைகூடியிருந்தது.

இதைப் படித்தறிந்து இந்திய மண்ணுக்கேற்ப மாற்றியவர்களுள் முதன்மையானவர் கிஜுபாய் பதேகா (1885–1939). தொழிலால் வழக்கறிஞர். 1913-இல் மகன் பிறந்தபோது, தாம் பட்ட பள்ளித் துன்பம் மகனுக்கு வேண்டாம் என்று தேடத் தொடங்கியவர், 1916-இல் வழக்கறிஞர் தொழிலைத் துறந்து குஜராத்தின் பாவ்நகரில் இருந்த தட்சிணாமூர்த்தி நிலையத்தில் சேர்ந்தார். 1920-இல் அங்கே பால மந்திரத்தைத் தொடங்கினார். குழந்தைகளிடம் அவர் காட்டிய பரிவைக் கண்டு மக்கள் அவரை 'மீசை வைத்த அம்மா' என்றே அழைத்தனர்.

அவர் எழுதிய 'திவாஸ்வப்னம்' என்ற கதைநூலில் ஒரு புதிய ஆசிரியர் வருகிறார். முதல் நாள் வகுப்பில் அமைதி விளையாட்டு நடத்தத் திட்டமிடுகிறார். கதவுகளைச் சாத்தி, அனைவரும் மௌனமாக இருக்க வேண்டும் என்கிறார். ஒருவன் பூனைபோல் கத்துகிறான், இன்னொருவன் நாய்போல் குரைக்கிறான்; வகுப்பே அமளியாகிறது. வேறு வழியின்றி அன்று விடுமுறை விட்டுவிடுகிறார். மறுநாள் மௌனத்தைப் பற்றிப் பேசாமல் கதை சொல்லத் தொடங்குகிறார். முந்தைய நாள் ஆணையிட்டும் வராத அமைதி அப்போது வருகிறது. ஆலமரத்தடியில் மௌனமாக அமர்ந்து சீடரின் ஐயம் தீர்க்கும் ஆசாரியரின் பெயர் கொண்ட நிலையத்தில் பணியாற்றியவர் இதை எழுதினார் என்பது நினைத்து இன்புறத்தக்கது.

அப்படியானால் குழந்தையை அதன் போக்கில் விட்டுவிட வேண்டியதுதானா என்று பெற்றோர் கேட்பர். மடையைத் திறக்கும் உழவன் சோம்பி இருப்பவன் அல்லன். எந்த வரப்பை, எப்போது, எவ்வளவு வெட்ட வேண்டும் என்பதை அறிய அவன் நாள்தோறும் வயலில் நிற்க வேண்டும். குழந்தையின் உயரத்துக்கேற்ற மேசை, அதன் கைக்கு அடங்கும் கருவி, நாளுக்கு ஒரு கதை என்று ஆசிரியர் முன்கூட்டிச் செய்ய வேண்டிய உழைப்பு பெரிது. பிரம்பைக் கையில் எடுப்பவருக்கு இந்த உழைப்பு எதுவும் தேவையில்லை. அடியைக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் தடை செய்தது; ஆனால் அவமதிப்பும் ஒப்பீடும் எந்தச் சட்டத்துக்கும் எளிதில் அகப்படுவதில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தையைச் சுட்டிக்காட்டி நாள்தோறும் தாழ்த்தப்படும் குழந்தை முதலில் இழப்பது சிரத்தையை. மற்ற எதையும் பின்னர் ஈடுசெய்யலாம்.

கிஜுபாயுடன் பணியாற்றிய தாராபாய் மோடக், பின்னாளில் அனுதாய் வாக்குடன் சேர்ந்து மகாராஷ்டிரத்தின் போர்டி, கோஸ்பாட் பகுதிகளில் பழங்குடிக் குழந்தைகளிடையே தொண்டாற்றினார். மாடு மேய்க்கும் பிள்ளைகளால் பள்ளிக்கு வர இயலவில்லை. ஆகவே ஆசிரியர்கள் மேய்ச்சல் வெளிக்கே சென்றனர். முற்றத்தில் கூடும் பள்ளிக்கு அவர்கள் வழங்கிய 'அங்கன்வாடி' என்ற பெயரே 1975-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தின் வழியாக இன்று நாடெங்கும் வழங்குகிறது.

இல்லறத்தார்க்கு இதற்கெனத் தனிப் பள்ளி தேவையில்லை. நான்கு வயதுக் குழந்தை தன் சட்டைக்குத் தானே பொத்தான் போட முயல்கிறது. மேலிருப்பதைக் கீழே மாட்டுகிறது, அவிழ்க்கிறது, மீண்டும் தொடங்குகிறது. தாயின் கை தானாகவே நீள்கிறது. தந்தை கடிகாரத்தைப் பார்க்கிறார். பெரும்பாலான வீடுகளில் வரப்பு இந்த இடத்தில்தான் எழும்புகிறது. ஐந்து நிமிடம் முன்னதாகக் குழந்தையை எழுப்பினால் அந்த அவகாசம் கிடைத்துவிடும். கையைக் கட்டிக்கொண்டு நிற்பது பெரியவருக்குத்தான் கடினம். அந்த ஐந்து நிமிடமும் மனத்துக்குள் ஜபம் செய்துகொண்டிருந்தால் அது சற்று எளிதாகும்.