அசையா உடலும் அறியும் மனமும்

தென் அமெரிக்கக் காடுகளில் அம்பு நுனியில் பூசப்பட்ட குராரே, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் தாவர நஞ்சு. அது எடுக்கப்படும் கொடிகளில் ஒன்று சீந்திலின் குடும்பம். இன்னொன்று எட்டியின் பேரினம். நரம்பு முனையில் சுரக்கும் அசற்றைல்கோலின் என்ற வேதிப்பொருள் தசையில் பற்றும் இடத்தை இந்நஞ்சு அடைத்துக்கொள்கிறது. முதலில் இமையும் முகமும், பின்னர் கைகாலும், கடைசியில் மூச்சுத் தசையும் ஓய்கின்றன. மின்னேற்றம் கொண்ட அதன் மூலக்கூறு குருதியிலிருந்து மூளைக்குள் எளிதில் புகுவதில்லை; எனவே நினைவு தெளிவாக இருக்கும். இதற்கு மாறாக, எட்டியின் நஞ்சு முள்ளந்தண்டு வடத்தைத் தாக்கித் தசைகளை விறைக்கச் செய்யும். அங்கும் நினைவு பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். அதனால் துன்பமும் கூடுகிறது.

1942இல் மொன்றியலில் குராரே சத்திரசிகிச்சைக்கு வந்தது. நோயாளி அசைவதில்லை என்பதால், அது உணர்வையும் அடக்குகிறது என்று சில மருத்துவர்கள் நம்பினர். இதைச் சோதிக்க ஸ்கொட் சிமித் என்ற மயக்கவியல் மருத்துவர், மூச்சை நிறுத்தப் போதுமான அளவின் இரண்டரை மடங்கைத் தம் உடலில் ஏற்றச் செய்தார். 1947இல் வெளியான அந்தச் சோதனையின் அறிக்கைப்படி, செயற்கை மூச்சில் அசைவற்றுக் கிடந்த அவர் எல்லாவற்றையும் உணர்ந்திருந்தார். நினைப்பது தொண்டைத் தசைகளின் நுண்ணசைவே என்ற உளவியலாளர் வாட்சனின் கருத்துக்கு இது பெரும் அடி.

கண்டியில் பயிலப்படும், மனத்தையும் உருவையும் பகுத்தாராயும் தேரவாத பௌத்தத்தின் அபிதம்மம், அசைவுக்கும் உணர்வுக்கும் உள்ள இந்த வேறுபாட்டை முன்பே வகுத்துவைத்திருக்கிறது. உடவத்தகலைக் காட்டுக் குடிலில் வாழ்ந்த ஞானபோனிக தேரர் அபிதம்மத்தை நவீன வாசகருக்கு விளக்கியவர்.  அபிதம்மத்தின்படி, உள்ளக்கருத்தை உடலசைவால் தெரிவிக்கும் காயவிஞ்ஞத்தி சித்தத்தால் பிறக்கும் ஓர் உருப்பொருள். சித்தம் வேறு, அதை வெளிக்காட்டும் அசைவு வேறு. குராரே அறுப்பது பின்னதை மட்டுமே. வேதனை என்னும் உணர்ச்சி, எண்ணம், சேதனை என்னும் நாட்டம் எல்லாம் உள்ளே நிகழ்ந்துகொண்டிருக்கும். நாட்டமே கன்மம் என்பது புத்தர் வாக்கு; ஆதலால் விரலசைக்க முடியாதவரும் கன்மம் செய்பவரே, துன்பம் அடைபவரே.

மகாவேதல்ல சுத்தம் என்னும் பௌத்த சூத்திரம் இன்னும் நுட்பமான வினாவை எழுப்புகிறது: இறந்தவருக்கும், மனச்செயல் முழுதும் ஓயும் தியான நிலையான நிரோத சமாபத்தியில் இருப்பவருக்கும் என்ன வேறுபாடு? இருவரிடத்தும் மூச்சும் பேச்சும் மனச்செயலும் ஓய்ந்திருக்கும். ஆனால் சமாபத்தியில் ஆயுளும் உடற்சூடும் நீங்குவதில்லை, புலன்கள் தெளிந்திருக்கும். குராரே தரும் நிலை இந்த இரண்டும் அன்று. மனம் ஓயாமல் அசைவு மட்டும் ஓய்ந்த மூன்றாவது நிலை. வெளித்தோற்றத்தை மட்டும் பார்ப்பவருக்கு மூன்றும் ஒன்றாகத் தெரியும். அந்தக் குழப்பத்தின் விலையைக் கொடுத்தவர்கள் வலியைச் சொல்ல வாயற்ற நோயாளிகள்.

எனினும், மனம் உடலின்றி இயங்கும் என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுவது பிழை. குராரே மூளையை அநேகமாகத் தொடுவதில்லை. ஆகவே மூளைக்கும் மனத்துக்கும் உள்ள உறவைப்பற்றி அதனால் எதுவும் சொல்ல முடியாது. தேரவாத உரைநூல்களும் மனத்துக்கு இதயவத்து என்ற உடலிடத்தைக் கூறுகின்றன. அந்த உறவை ஆராய, மூளையிலேயே செயற்பட்டு நினைவை அகற்றும் மயக்க மருந்துகளைத்தான் பார்க்க வேண்டும்.