நலமறிய அவா

கடிதம் எழுதுகிற வழக்கம் இருந்த நாட்களில் பெரும்பாலும் முதல் வரி ஒன்றுதான்: இங்கு நலம், அங்கு நலமறிய அவா. அப்பா படுத்த படுக்கையாக இருப்பதும், நிலம் அடமானத்துக்குப் போனதும் அதற்கடுத்த வரியில் வரும். முதல் வரியைப் பொய்யென்று யாரும் சொன்னதில்லை. அது செய்தியல்ல, சம்பிரதாயம் என்பது எழுதியவருக்கும் படித்தவருக்கும் தெரியும். அடுத்த வரியையும் படித்தார்கள் என்பதால்தான் அந்தச் சம்பிரதாயம் யாரையும் ஏமாற்றவில்லை.

அடுத்த வரியைப் படிக்காத ஒரு வாசகனை நான் உருவாக்கினேன். உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கிற ஒரு வலைத்தளத்தைக் கவனித்துக்கொள்வது என் பொறுப்பாக இருந்தது. 5 நிமிடத்துக்கொருமுறை விண்ணப்பப் பக்கத்தைக் கேட்டு, பதில் எண் 200 என்றால் பேசாமலிருந்துவிட்டு, வேறெதுவானாலும் எனக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிற சிறு நிரல் அது. 200 என்றால் 'சரி' என்பது ஹெச்.டி.டி.பி.யின் மரபு. ஒரு நாள் தரவுத்தளத்தோடு தொடர்பு அறுந்துபோயிற்று. அந்தப் பக்கம் 'மன்னிக்கவும், பிறகு முயலுங்கள்' என்று உடலில் எழுதி, தலையில் 200 என்று எழுதி, பகல் முழுவதும் அனுப்பிக்கொண்டிருந்தது. என் நிரல் ஒன்றும் தவறு செய்யவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் வந்தது. யாருடைய நலத்தைக் கேட்கிறோம் என்பதை நான்தான் யோசித்திருக்கவில்லை. சர்வரின் நலமா, விண்ணப்பிக்க வந்து திரும்பிப் போனவளின் நலமா?

1983 டிசம்பரில் மைக் மூஸ் எழுதிய 'பிங்' என்ற நிரல் இந்த விஷயத்தில் நேர்மையானது. நீருக்கடியில் ஒலியை அனுப்பி எதிரொலிக்குக் காத்திருக்கும் சோனார் கருவியின் ஓசையைப் பெயராகக் கொண்டது. 'இருக்கிறாயா' என்பதற்குமேல் அது எதையும் கேட்பதில்லை. அதற்குமேல் எதையும் அறிந்ததாகச் சொல்லிக்கொள்வதுமில்லை. 'இருக்கிறது' என்பதை 'நலமாயிருக்கிறது' என்று மாற்றிக்கொள்வது நம்முடைய சோம்பல்.

பிறகு நிரலைத் திருத்தினேன். கற்பனையான ஒரு விண்ணப்பதாரர் பெயரில் படிவத்தை நிரப்பி, அது பதிவாயிற்றா என்று திரும்பப் படித்துப் பார்க்கச் செய்தேன். இப்போது வேறொரு சிக்கல். கணநேரத் தடங்கலுக்கெல்லாம் நள்ளிரவில் எழுப்பிற்று. தொடர்ந்து 3 முறை தவறினால் மட்டும் எழுப்பு என்று ஓர் எண்ணைச் சேர்த்தேன். அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

அந்த 3 பற்றித்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அதன் பொருள், பழுது நேர்ந்து 10 முதல் 15 நிமிடம் வரை எனக்குத் தெரியவேண்டாம் என்பது. 9 நிமிடத்தில் தானே சரியாகிவிடுகிற பழுது எனக்கு ஒருபோதும் தெரியவராது. அந்த 9 நிமிடத்தில் வந்து போனவர்கள் என் கணக்கில் வந்தவர்களே அல்ல. எண்ணே வேண்டாமென்றும் சொல்ல முடியாது. எப்போதும் கூவுகிற காவலாளியின் குரலுக்கு யாரும் எழுந்திருப்பதில்லை. எங்காவது ஒரு கோடு கிழிக்கவேண்டியிருக்கிறது. ஆனால் என் தூக்கத்துக்கு அவர்களுடைய நிமிடங்களை விலையாகக் கொடுத்தேன், அவர்களைக் கேட்காமல். தொழில்நுட்பம் என்று பெயர் சூட்டியதும் அது ஒரு தார்மீகத் தீர்மானம் என்ற பிரக்ஞை எனக்கே மறைந்துபோயிற்று. தப்பு அந்த எண்ணில் இல்லை, இந்த மறைவில் இருக்கிறது என்று தோன்றுகிறது.

மௌனத்தைச் சாட்சியமாக எடுத்துக்கொள்வதும் இதே வகைதான். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவுக் கோப்பகத்தை அழித்துவிட்டார். தினசரி நகலைத் தேடினால் நகலே இல்லை. தரவுத்தளம் 9.6 பதிப்பு, நகலெடுக்கும் கருவி 9.2, ஆகவே நகலெடுப்பு தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் போயிருந்தன. உரிய ஒப்பம் இல்லாததால் பெறுகிற இடம் அவற்றை நிராகரித்துவிட்டது. வேறு காரியத்துக்காகத் தற்செயலாக எடுத்து வைத்திருந்த பிரதியொன்று காப்பாற்றியது. சுமார் 6 மணி நேரத் தரவு போயே போயிற்று. இதையெல்லாம் அந்த நிறுவனமே வெளிப்படையாக எழுதியது. காவலாளி கத்தினான், காது கேட்கவில்லை. கேட்காதவர்களுக்கு அது அமைதி.

இப்போது என் நிரல் ஒவ்வொரு முறையும் இன்னொரு இயந்திரத்துக்கு 'பார்த்தேன்' என்று சொல்கிறது. சொல்லாவிட்டால் அது என்னை எழுப்பும். அதை யார் பார்ப்பது என்று கேட்டால், அடுக்கு நீளும். எங்கோ ஒரு மனிதனிடம் போய்த்தான் நிற்கும். 3ஐ எடுத்துவிடவில்லை. அதன் பக்கத்தில் அது என்ன, யாருடைய செலவில் என்று ஒரு வரி எழுதிவைத்திருக்கிறேன். எழுப்பாமல் விட்ட தடங்கல்களைத் தனியே குறித்துவைக்கச் சொல்லியிருக்கிறேன்; காலையில் அதைப் படிக்கிறேன். வாரத்தில் ஒரு நாள் முன்பின் தெரியாதவனைப்போல் உட்கார்ந்து படிவத்தை நானே நிரப்பிப் பார்க்கிறேன். நலம் கேட்பதை நிரலிடம் விட்டுவிடலாம். அவா அதனிடம் கிடையாது.