பிள்ளைக்குரிய ஒரு மணி நேரம்



மாலைப் பொழுதில் நம் வீட்டு முற்றங்கள் வெறிச்சோடிக் கிடப்பதைக் கவனித்திருப்பீர்கள். பாடசாலை விட்டு வந்த பிள்ளை ரியூஷனுக்கு ஓடுகிறது. திரும்பி வந்தால் வீட்டுவேலை. எஞ்சிய நேரம் கைத்தொலைபேசிக்கு. “முதலில் சோதனை முடியட்டும், பிறகு விளையாடலாம்” என்கிறோம். புலமைப்பரிசில் முடிந்தால் சாதாரண தரம், அதன்பின் உயர்தரம். இவையெல்லாம் முடிவதற்குள் பிள்ளைப் பருவமே முடிந்துவிடுகிறது.

பிள்ளை ஓடியாடும் நேரம் பெற்றோர் மனம்வைத்துக் கொடுக்கும் சலுகையா? அல்லது நாம் செலுத்தவேண்டிய கடனா?

கடன் என்றே சொல்லவேண்டும். நம் உடல் பரிசுத்த ஆவியின் ஆலயம் என்று புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தில் கற்பிக்கிறார். அந்த ஆலயத்தைப் பாவம் தீண்டாதபடி காக்கிறோம். அது பராமரிப்பின்றிப் பாழடைவதையோ பொருட்படுத்துவதில்லை.

உடலுக்கும் உள்ளத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். 13ஆம் நூற்றாண்டிலே புனித தோமஸ் அக்குவினாஸ், துயரத்தைத் தணிக்கும் வழிகளை ஆராய்ந்தபோது, கண்ணீர், நண்பர்களின் பரிவு, உண்மையைத் தியானித்தல் ஆகியவற்றோடு உறக்கத்தையும் குளியலையும் சேர்த்துக்கொண்டார். உடலுக்கு வரும் நலம் உள்ளத்தின் பாரத்தையும் குறைக்கும் என்பதை அவர் அறிந்திருந்தார். 2020ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டலும் இதற்கு இசைவானதே. 5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சுவாங்கும்படி உடலை இயக்கவேண்டும். அது மனச்சோர்வின் அறிகுறிகளையும் குறைக்கும் என்கிறது அது. அதே ஆண்டு மார்ச் மாதத்தில் ஊரடங்கால் பிள்ளைகள் வீட்டுக்குள் அடைபட்டபோது, அவர்கள் எரிச்சலும் மௌனமுமாய் மாறியதைக் கண்ட பெற்றோர் பலர்.

இதற்கு மைதானமோ பணமோ வேண்டியதில்லை. முற்றத்தில் கயிறு துள்ளலாம், கிளித்தட்டு மறிக்கலாம், பந்தடிக்கலாம், கிணற்றில் தண்ணீர் அள்ளி வாழைக்கு ஊற்றலாம். மழை நாளில் விறாந்தையிலே குனிந்து நிமிரலாம்.

பெண்பிள்ளைகளை மறந்துவிடாதீர்கள். பெரியபிள்ளையானதும் அவளுடைய விளையாட்டை நிறுத்திவிடுகிறோம். அண்ணனுக்கு மைதானம், தங்கைக்கு அடுப்படி. அவளுக்கும் அதே உடலும் அதே உள்ளமும் உண்டு. மதிலுக்குள்ளாவது அவள் ஓடட்டும்.

இன்னொரு எச்சரிக்கை. தேகாப்பியாசத்தையும் இன்னொரு சோதனையாக்கிவிடாதீர்கள். மணிக்கூட்டைப் பிடித்துக்கொண்டு அதட்டுவதும், பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதும், உடற்பருமனைக் கேலி செய்வதும் பிள்ளையின் மனத்தை மேலும் புண்படுத்தும். தூரின் நகரத்துச் சிறுவர்களோடு தாமே ஓடி விளையாடிய புனித டொன் பொஸ்கோ நமக்கு வழிகாட்டி. தகப்பனோ தாயோ கூட நின்று விளையாடும்போது, கேட்டாலும் சொல்லாத கவலையைப் பிள்ளை தானாகவே சொல்லிவிடுவதுண்டு.

ஆயினும் ஓட்டமும் ஆட்டமும் எல்லா நோய்க்கும் மருந்தல்ல. பிள்ளை உண்ணாமல், உறங்காமல், எவரோடும் பேசாமல் நாட்கணக்காய் ஒதுங்கியிருந்தால் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். அதில் வெட்கமில்லை, விசுவாசக் குறைவுமில்லை.

பெற்றோரே, இன்று மாலை செபமாலைக்கு மணியடிக்குமுன், தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு முற்றத்தில் இறங்குங்கள். பிள்ளைக்குரியதைப் பிள்ளைக்குக் கொடுங்கள்.