ஊரே சென்றது, ரேவதி செல்லவில்லை



நற்காட்சிக்கு உறுப்புகள் எட்டு என நம் ஆசாரியர்கள் வகுத்தனர். அவற்றுள் நான்காவது மூடமின்மை. அதற்கு எடுத்துக்காட்டாக நிற்பவள் ரேவதி அரசி. அவள் கதையை நம் இல்லத்துப் பெண்கள் பலரும் கேட்டிருப்பர். எனினும் முதுமையில் மீண்டும் எண்ணிப் பார்க்கும்போது, அது எனக்காகவே சொல்லப்பட்டது போலத் தோன்றுகிறது.

சந்திரப்பிரபன் என்னும் வித்தியாதர அரசன் தென்மதுரையில் குப்தாசாரியரை அடைந்து க்ஷுல்லகனானான். வடமதுரைக்குச் செல்ல அவன் விடைபெற்றபோது, ஆசாரியர் அங்குள்ள சுவிரத முனிவருக்கு வணக்கமும், வருண மன்னனின் தேவி ரேவதிக்கு ஆசியும் கூறியனுப்பினார். பதினோர் அங்கங்களையும் கற்ற பவ்வியசேனர் அவ்வூரில் இருந்தும், அவருக்கென ஒரு சொல்லும் இல்லை.

இதன் காரணம் அறிய விரும்பிய க்ஷுல்லகன் தன் வித்தையால் நகரின் கீழ்த்திசையில் பிரமனாகவும், தென்திசையில் திருமாலாகவும், மேற்றிசையில் சிவனாகவும் தோன்றினான். ஒவ்வொரு முறையும் ஊர் திரண்டு ஓடியது. இறுதியில் வடதிசையில் சமவசரணத்தையே அமைத்துத் தீர்த்தங்கரராக வீற்றிருந்தான். அரசன் சென்றான், கற்றறிந்த பவ்வியசேனரும் சென்றார். ரேவதி மட்டும் செல்லவில்லை. தீர்த்தங்கரர் இருபத்து நால்வரே. அவர்கள் முன்னரே தோன்றி வீடுபேறு எய்திவிட்டனர். இருபத்தைந்தாமவர் எங்ஙனம் வருவார் என்பதே அவள் வினா.

பின்னர் அவன் நோயுற்ற க்ஷுல்லகனாக அவள் இல்லத்தருகே விழுந்தான். கூட்டத்தோடு செல்லாத ரேவதி அப்போது விரைந்து சென்றாள். அவனை உள்ளே கொணர்ந்து உணவளித்தாள். அவன் உமிழ்ந்ததையும் தானே தூய்மை செய்தாள். மூடமின்மை என்பது பிடிவாதமோ செருக்கோ அன்று என்பதை இச்செயல் தெளிவாக்குகிறது.

இனி என் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுகிறேன். ஆசிரியப் பயிற்சி முடித்து 1971ஆம் ஆண்டில் ஒரு தொடக்கப் பள்ளியில் சேர்ந்தேன். முதல் வகுப்பில் ஒரு சிறுமி இடக்கையால் எழுதினாள். அக்கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளச் செய்தேன். அவள் மறந்தபோதெல்லாம் விரல் கணுவில் அளவுகோலால் அடித்தேன். சில மாதங்களில் வலக்கையால் எழுதத் தொடங்கினாள். அதுவரை பலகை நிறையக் கோலம் வரைந்தவள், வரைவதை அடியோடு விட்டாள். வகுப்பில் வாய் திறப்பதும் குறைந்தது. அவள் தாயார் வந்து எனக்கு நன்றி கூறினார்.

இப்படிச் செய்யும்படி எனக்கு எவரும் ஆணையிடவில்லை. எல்லா வகுப்புகளிலும் அவ்வாறே நடந்தது. நானும் அவ்வாறே செய்தேன். மக்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் இடக்கையர் என்பதும், அது பிழையன்று, பிறவி இயல்பு என்பதும் பின்னர்தான் எனக்குத் தெரியவந்தது. வழியில் எறும்பை மிதியாமல் பார்த்துப் பார்த்து நடந்து அப்பள்ளிக்குச் சென்றவள் நான்.

கவனமின்மையோடு கூடிய செயலால் உயிர்க்கு ஊறு விளைப்பதே இம்சை எனத் தத்துவார்த்த சூத்திரம் வரையறுக்கிறது. ஒருவரின் கவனமின்மையை நாம் எளிதில் காண்கிறோம். ஊரே சேர்ந்து கவனமின்றி இருக்கும்போது அதற்கு வழக்கம் என்று பெயரிடுகிறோம்.

சமுதாய அமைப்புகள் தீயவை என்பது என் கருத்தன்று. பள்ளி இல்லையேல் எழுத்தில்லை. சங்கம் இல்லையேல் நம் ஜினாலயங்களில் விளக்கில்லை. ஆயினும் அவை நம்மை ஆணையால் வளைப்பதைவிட, "எல்லாரும் இப்படித்தான்" என்னும் ஒரு சொல்லால் வளைப்பதே மிகுதி. வளைந்தவரைப் புகழ்கின்றன, வளையாதவரைக் கண்டு முகம் சுளிக்கின்றன. அந்தத் தாயாரின் நன்றி என்னைப் பல ஆண்டுகள் சிந்திக்க விடாமல் செய்தது.

நம் இல்லங்களைப் பார்ப்போம். கதிர் மறையுமுன் உண்பவர் நாம். ஆனால் திருமண வரவேற்பு என்றால் இரவு 8 மணிக்குப் பந்தி விரிக்கிறோம். சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பர் என்பதே காரணம். மிகுபொருள் விரும்பாமையை விரதமாகப் போற்றும் நாமே, மணப்பெண்ணின் நகையைச் சவரன் கணக்கில் பேசுகிறோம். அங்கும் அதே காரணந்தான்.

மற்றொன்றையும் மறைக்காமல் கூற வேண்டும். கிழங்கு ஏன் உண்ணக்கூடாது என்று பிள்ளை கேட்டால், "நம் குலத்தில் வழக்கமில்லை" என்று வாயடைக்கிறோம். அப்பிள்ளை கல்லூரி விடுதிக்குச் சென்ற முதல் வாரத்திலேயே அதை உண்கிறான். நாம் கலங்குகிறோம். ஆனால் அவன் புதிதாக எதையும் செய்துவிடவில்லை. வீட்டில் வீட்டோடு ஒத்துப்போனான். விடுதியில் விடுதியோடு ஒத்துப்போகிறான். நாம் கற்பித்தது ஒத்துப்போவதை மட்டுமே.

ஒரு கிழங்கில் எண்ணற்ற உயிர்கள் ஓருடலாய் உறைகின்றன என்பதையும், இரவு விளக்கை நாடி வரும் சிற்றுயிர்கள் உணவில் வீழ்ந்து மடிகின்றன என்பதையும் சொல்லியிருந்தால், அவன் தானே எண்ணித் துணிய வழி பிறந்திருக்கும். விரதம் என்பது ஒருவர் தாமே அறிந்து ஏற்பது. பிறர்மேல் சுமத்தினால் அது வெறும் பழக்கமாய் நின்றுவிடும். மும்மணிகளுள் நல்லொழுக்கத்திற்கு முன்னே நற்காட்சியையும் நல்ஞானத்தையும் வைத்த முறையின் பொருள் இதுவே.

ஆகவே தாய்மார்களே, தந்தையரே, எந்த வழக்கத்தின் முன்னும் சற்று நின்று, இதனால் எவ்வுயிர்க்கு ஊறு என்று கேளுங்கள். பிறர் ஒருவரும் செய்யாவிடினும் இதைச் செய்வேனா என்று கேளுங்கள். பிள்ளைகள் கேட்கும்போது சினவாதீர்கள். விடை தெரியாவிட்டால் நூலைத் திறந்து அவர்களோடு சேர்ந்து தேடுங்கள். அடுத்த திருமணத்தின் பந்தியைப் பகலில் வைக்க ஒரு குடும்பம் துணிந்தால், அடுத்த குடும்பத்திற்கு அது எளிதாகும்.

தசலட்சணப் பருவம் நிறைவுற்று ஒருவரையொருவர் மன்னிப்பு வேண்டும் நாளில், ஆண்டுதோறும் அச்சிறுமியை நினைத்து நானும் கை கூப்புகிறேன். இன்று அவள் பேரப்பிள்ளைகளைக் கண்டிருக்கலாம். அவர்களுள் ஒரு குழந்தை இடக்கையால் எழுதினால், அக்கையை எவரும் அடிக்காதிருக்கட்டும்.

ஜினதருமம் வாழ்க! எவ்வுயிரும் இன்புற்று வாழ்க!