வாக்கும் வழக்கும்

கொடுத்த வாக்குச் செல்லாது என்று நீதிமன்றமே கூறிவிட்டால், கடனும் ஒழிந்துவிடுமா?

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பொது மின்வழங்கல் அமைப்பு, தன் 4ஆம், 5ஆம் அணுமின் நிலையங்களுக்காகக் கடன் பத்திரங்கள் விற்று 225 கோடி டாலர் திரட்டியது. மின்சாரம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் தம் பங்கைச் செலுத்துவதாக 88 உள்ளூர் மின்வழங்கல் அமைப்புகள் ஒப்பந்தம் செய்திருந்தன. செலவு பெருகி, 1982இல் பணி கைவிடப்பட்டது. அவற்றுள் வாஷிங்டனைச் சேர்ந்த பொது அமைப்புகளுக்கு அவ்வாறு ஒப்புக்கொள்ளும் அதிகாரமே இல்லை என்று 1983இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடன் தவறியது.

கட்டி முடியாத நிலையத்திற்கு எளிய குடும்பங்கள் ஏன் மின்கட்டணம் செலுத்த வேண்டும்? இவ்வினா நியாயமே. முதுமைக்காகச் சேர்த்ததைக் கடனாக ஈந்தவர் ஏன் இழக்க வேண்டும்? இதுவும் நியாயமே.

ஒப்பந்த வழி அடைபட்டதும், முதலீட்டாளர் வேறு வாயிலை நாடினர். உண்மையை மறைத்துப் பத்திரம் விற்றனர் என்று, வெளியிட்டோர்மீதும் விற்றுக்கொடுத்தோர்மீதும் வழக்குத் தொடுத்தனர். பல்லாண்டுகளுக்குப்பின் சமரசமாக ஏறத்தாழ 75 கோடி டாலர் கிடைத்தது. அது முதலில் மூன்றிலொரு பங்கே.

இதில் நாம் உணரத்தக்கது ஒன்றுண்டு. வாக்களிப்பதற்கு அதிகாரம் வேண்டும். உண்மை உரைப்பதற்கு எவ்வதிகாரமும் வேண்டுவதில்லை. ஆதலின், வாக்குப் பொய்த்த இடத்திலும் வாய்மைக் கடன் எஞ்சி நிற்கிறது. பிறர் பொருளை ஏற்கும் பொது அமைப்பு, "எமக்கு இவ்வளவே அதிகாரம், இவ்வளவு இடர்" என்று முன்னரே உரைத்தல் வேண்டும். வழக்கு மன்றம் மீட்டுத் தருவது ஒரு பங்கே. முழுமையும் காப்பது முன்னுரைத்த உண்மையே.