பந்தைக் கொடுப்பவரின் கணக்கு

மயிலை லஸ் மாளிகையைச் சேர்ந்த புச்சி பாபு நாயுடு, 1888இல் 'மெட்ராஸ் யுனைடெட் கிளப்'பை நிறுவினார். ஆங்கிலேயரின் கிரிக்கெட் மன்றத்தில் இந்திய ஆட்டக்காரர்கள் சமமாக நடத்தப்படாததே அதற்குக் காரணம் என்பர். ஆட வந்தோருக்கு மட்டையும் பந்தும் அவர் செலவிலேயே கிடைத்தனவாம். அதனால் விளைந்த பயனுக்கு அவரிடம் யாரும் அறிக்கை கேட்டிருக்க மாட்டார்கள்.

இன்று கேட்கிறோம். 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி, குறிப்பிட்ட வரம்புக்கு மேற்பட்ட நிறுவனங்கள் முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டையேனும் சமுதாயப் பணிக்கு ஒதுக்க வேண்டும். அதற்கான பட்டியலில் விளையாட்டும் உண்டு. ஆயினும் கிராமிய, தேசிய, ஒலிம்பிக், பாராலிம்பிக் விளையாட்டுகளை வளர்க்கும் 'பயிற்சி' என்றே அது பேசுகிறது. கோப்பைக்கு அவ்வாசகத்தில் எளிதில் இடம் கிடைக்கும். நொச்சிக்குப்பத்து மணலில் மாலை வேளையில் சும்மா ஓடியாடும் சிறுவனை எந்தத் தலைப்பில் சேர்ப்பது?

சில ஆண்டுகளுக்கு முன், கடலோரக் குப்பம் ஒன்றின் பிள்ளைகளுக்குக் கால்பந்தும் சீருடையும் பயிற்சியாளரும் கிடைக்கச் சிறு தொகை வழங்கிய குழுவில் நானும் இருந்தேன். 'பள்ளிக்கு ஒழுங்காகச் செல்வோர் மட்டுமே ஆடலாம்' என்ற நிபந்தனையை எழுதியவன் நானே. நல்ல நோக்கம்தான். மூன்றாம் மாதம் ஒரு சிறுவனின் பெயர் நீக்கப்பட்டது. தந்தை நோயுற்றதால் அவன் அண்ணனோடு படகேறத் தொடங்கியிருந்தான். எவனை எண்ணிப் பணம் திரட்டினோமோ, அவனையே எங்கள் விதி முதலில் வெளியேற்றியது.

விளையாட்டு நல்லொழுக்கத்திற்குத் தரும் கூலியா? ஐக்கிய நாடுகள் அவையின் 1989ஆம் ஆண்டுக் குழந்தை உரிமை உடன்படிக்கையை இந்தியா 1992இல் ஏற்றது. அதன் 31ஆம் பிரிவு ஓய்வையும் விளையாட்டையும் குழந்தையின் உரிமை என்கிறது. பள்ளி வருகைப் பதிவேட்டை அது கேட்கவில்லை.

2019இல் இலண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் தெருவோரச் சிறாருக்கான கிரிக்கெட் உலகக் கோப்பை நடைபெற்றது. சென்னை 'கருணாலயா'வின் பிள்ளைகள் இடம்பெற்ற, ஆண்களும் பெண்களும் கலந்த தென்னிந்திய அணி இறுதி ஆட்டத்தில் இங்கிலாந்தை வென்றது. வெற்றி புகழப்பட்டது, முறையே. எனக்கோ கடவுச்சீட்டுதான் நினைவில் நிற்கிறது. நடைபாதையில் வளரும் பிள்ளை வெளிநாடு செல்ல முகவரியும் அடையாளச் சான்றும் வேண்டும். நடைபாதைக்கு ஏது முகவரி? ஆட்டத்தில் தோற்றிருந்தாலும் அந்தத் தாள்கள் அப்பிள்ளைகளின் கையில் இருந்திருக்கும்.

கொடுப்பவர் கணக்குக் கேட்பது தவறன்று. பெரும்பாலும் அது பிறர் பணம். எதை எண்ணுவது என்பதில்தான் நாங்கள் தவறினோம். வந்தவர்களை எண்ணினோம், வென்ற ஆட்டங்களை எண்ணினோம். வராமற்போனவன் வீட்டுக்கு யாரும் நடந்து போகவில்லை, அவ்வளவு தொலைவும் இல்லை.

பின்னர் அந்நிபந்தனையை நீக்கக் கோரினேன். "பள்ளியை விட்டவனுக்கும் பந்து உண்டென்றால் எவன் படிப்பான்?" என்று குழுவின் மூத்தவர் ஒருவர் கேட்டார். அவருக்கு முழுமையான விடை என்னிடம் இன்றும் இல்லை. ஆயினும் நிபந்தனை நீங்கியது. கடலுக்குப் போகாத நாட்களில் அவன் வரலானான்.