தாளில் தெரியும் உடல்

ஒரு பொருளை நாம் அறிந்தோம் என்று எப்போது சொல்லலாம்? நம் முன்னோர் இதற்குப் பிரமாணங்களை வகுத்தனர். கண்ணால் காண்பது பிரத்யட்சம். கண்டதைக் கொண்டு காணாததை ஊகிப்பது அனுமானம். நம்பத்தக்கவர் சொல்லை ஏற்பது சப்தம். இந்தப் பழைய பாகுபாடு சாஸ்திர வகுப்போடு முடிந்துவிடுவதன்று. இரத்தப் பரிசோதனை அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு கலங்கும் இல்லந்தோறும் இன்று அது தேவைப்படுகிறது.

மும்பையை அடுத்த உல்லாஸ்நகரிலோ, செம்பூர், மாதுங்காவிலோ ஒரு தமிழ்க் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். 'முழு உடல் பரிசோதனை' என்ற பெயரில் வீட்டிற்கே வந்து இரத்தம் எடுத்துச் செல்கிறார்கள். மாலையில் கைபேசிக்கு அறிக்கை வந்துவிடுகிறது. அறுபது, எழுபது எண்கள்; அவற்றுள் மூன்று நான்கு தடித்த எழுத்தில். காலையில் கோயிலுக்கு நடந்து சென்று திரும்பிய பெரியவர் மாலையில் நோயாளி ஆகிவிடுகிறார். அவர் உடலில் இடையே நிகழ்ந்த மாறுதல் எதுவும் இல்லை. மாறியது அவர் தம்மைப் பற்றிக் கொண்டிருந்த எண்ணம் மட்டுமே.

அந்த எண்ணை அவர் பிரத்யட்சமாகக் கொள்கிறார். உண்மையில் அது அனுமானத்திற்கு உதவும் ஓர் அடையாளம். மலையில் தெரியும் புகை. நலமுள்ள மனிதர் பலரை அளந்து, அவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் எந்த எல்லைக்குள் அடங்குகின்றனரோ அதையே பெரும்பாலான சோதனைகளில் 'இயல்பு நிலை' என்று அச்சிடுகின்றனர். அப்படியானால் நலமுள்ளவருள்ளும் நூற்றுக்கு ஐவர் எல்லைக்கு வெளியே நின்றாக வேண்டும். ஒன்றையொன்று சாராத இருபது சோதனைகளை ஒருவருக்குச் செய்தால், நோயே இல்லாவிடினும் ஓர் எண்ணாவது தடித்த எழுத்தில் வர நூற்றுக்கு 64 பங்கு வாய்ப்பு உண்டு. நோய்க்குறி ஏதுமின்றி எழுபது சோதனை செய்துகொள்பவர் கவலையை விலை கொடுத்து வாங்குகிறார் என்று சொன்னால் அது மிகையாகாது.

வைட்டமின் டி-யின் நிலை இன்னும் விசித்திரமானது. மில்லிலிட்டருக்கு 20 நானோகிராம் இருந்தால் பெரும்பாலோருக்குப் போதும் என்று அமெரிக்காவின் மருத்துவ நிறுவனம் 2010-இல் கூறியது. 30 வேண்டும் என்று அங்குள்ள நாளமில்லாச் சுரப்பியியல் சங்கம் 2011-இல் கூறியது. 25 உள்ள ஒருவர் ஒரு நூலின்படி நலமுள்ளவர், மற்றொரு நூலின்படி குறையுள்ளவர்! அதே சங்கம் 2024-இல் தன் பழைய எல்லைக்கோட்டைக் கைவிட்டு, நலமாக இருப்பவர்கள் வழக்கமாக இச்சோதனையைச் செய்துகொள்ள வேண்டியதில்லை என்றும் அறிவுறுத்தியது. சப்தப் பிரமாணத்தை ஏற்கும்போது, சொன்னவர் யார், எப்போது சொன்னார் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

அப்படியானால் எண்களைத் தூக்கியெறிந்துவிடலாமா? கூடாது. இதே மும்பை நகரின் வரலாறு அதைத் தடுக்கிறது.

1928-இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவப் பெண்மணி பம்பாய்க்கு வந்தார். ஆலைத் தொழில் செய்த ஏழைக் கர்ப்பிணிப் பெண்கள் கடும் இரத்தசோகையால் மடிந்துகொண்டிருந்தனர். அவர்களது சிவப்பணுக்கள் அளவில் பெருத்திருந்தன. கிருமியா, உணவா என்று ஒவ்வொன்றாக ஆராய்ந்தார் வில்ஸ். வைட்டமின் ஏ, சி இரண்டும் பயன் தரவில்லை. மலிவான ஈஸ்ட் சாறு குணம் தந்தது. பரேலின் ஹாஃப்கின் நிறுவனம், குன்னூரின் பாஸ்டர் நிறுவனம், சென்னையின் கோஷா மருத்துவமனை எனப் பல இடங்களில் உழைத்து, 1931-இல் தம் முடிவை வெளியிட்டார். அந்தச் சாற்றில் இருந்த பொருளே பின்னாளில் ஃபோலிக் அமிலம் எனப்பட்டது. அவர் எண்களைத்தான் எண்ணினார். ஆனால் ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னும் ஒரு பெண் என்ன உண்கிறாள், எங்கே வாழ்கிறாள் என்ற கேள்வி இருந்தது.

அதே பொருளை 1945-இல் அமெரிக்காவில் செயற்கையாக உருவாக்கிய குழுவின் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து, சென்னையில் மருத்துவம் பயின்று, தம் சகோதரர் இருவரை ஸ்ப்ரூ என்னும் குடல் நோய்க்குப் பறிகொடுத்தவர். இளமையில் இராமகிருஷ்ண மிஷனில் சேர விழைந்தவரும் அவரே. எந்த நோய் அவர் வீட்டைச் சூறையாடியதோ அதற்கே ஃபோலிக் அமிலம் மருந்தாயிற்று.

இதற்குப் பின் நடந்ததுதான் நமது கேள்விக்கு நேரான விடை. வேறொரு வகைச் சோகை நோயாளிகளுக்கும் இம்மருந்தைக் கொடுத்துப் பார்த்தனர். இரத்தம் சீரானது, அறிக்கை மகிழ்ச்சி தந்தது. ஆனால் அவர்களுள் பலருக்குக் கால் மரத்துப்போவதும் நடை தள்ளாடுவதும் தொடர்ந்தன; சிலருக்கு அதிகமாயின. அவர்களுக்குக் குறைந்திருந்தது வேறு பொருள். 1948-இல் பிரித்தெடுக்கப்பட்ட வைட்டமின் பி12 அது. புகை விலக்கப்பட்டது, தீ உள்ளே எரிந்துகொண்டே இருந்தது.

சைவ உணவினர் இதைக் கூர்ந்து எண்ண வேண்டும். பி12 தாவரங்களில் இல்லை. பால், தயிரில் ஓரளவு உண்டு. அதையும் குறைத்துக்கொண்ட முதியவர்க்கும், நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் நெடுங்காலம் உண்பவர்க்கும் அது குறைவது பொதுவாகக் காணப்படுவது. பாதம் எரிவதையும் மறதி பெருகுவதையும் 'வயதாகிவிட்டது' என்று ஒதுக்குகிறோம். "தலைமுறை தலைமுறையாகச் சைவம் உண்கிறோம், எங்களுக்கு மாத்திரையா?" என்று சிலர் கேட்கின்றனர். ஒரு விரதத்தை ஏற்பவர் அதன் விலையையும் ஏற்க வேண்டாமா? கொல்லாமை உயர்ந்த அறம் என்பதால் நரம்பின் தேவை மாறிவிடாது. மேலும் கடையில் கிடைக்கும் பி12 நுண்ணுயிர்களை நொதிக்கவைத்துச் செய்யப்படுவது. அதில் ஊன் இல்லை. (உறை மாத்திரையின் ஜெலட்டின் உறை வேறு சங்கதி, அதை வேண்டாதவர் வில்லையாகக் கேட்டு வாங்கலாம்.) இங்கே மாத்திரையை மறுப்பது வைராக்கியம் ஆகாது. அது உடலைப் பற்றிய அசிரத்தை.

மறுபுறம், குறையே இல்லாதபோது விழுங்குவதில் ஆசை ஒளிந்திருக்கிறது. 'கூட இருந்தால் நல்லதுதானே' என்ற எண்ணம் செல்வத்தில் எவ்வளவு பொய்யோ அவ்வளவு வைட்டமினிலும் பொய். பின்லாந்தில் 29,133 புகைபிடிக்கும் ஆண்களைக் கொண்டு நடத்திய ஆய்வின் முடிவு 1994-இல் வெளிவந்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை உண்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாயிருந்தது. காப்பாற்றும் என்று நம்பிக் கொடுத்த மாத்திரை அது! நம் நாட்டில் 60,000 அலகு வைட்டமின் டி பொட்டலத்தைச் சில வாரங்களுக்கு, வாரம் ஒன்றாக உண்ணச் சொல்வது வழக்கம். அதைத் தினம் ஒன்றாக மாதக்கணக்கில் உண்டு, இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து ஏறி, வாந்தியும் மயக்கமும் சிறுநீரகக் கேடுமாக மருத்துவமனை சேர்ந்தோர் உண்டு. உடலின் கொழுப்பில் தங்கும் பொருள் அது, உடனே வெளியேறுவதில்லை. மருந்து அதிகாரத்தில் வள்ளுவர் மிகுதியையும் குறைவையும் ஒரே தட்டில் வைத்ததை இங்கே நினைக்கலாம்.

இன்னொரு நுட்பமும் உண்டு. மாத்திரை, அளக்கும் கருவியையே ஏமாற்றக்கூடும். முடி வளர்ச்சிக்கென்று விற்கப்படும் பயாட்டின், மிகுந்த அளவில் உண்டால், தைராய்டு சோதனையிலும் மாரடைப்பைக் காட்டும் சோதனையிலும் தவறான எண்ணைத் தரலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017-இல் எச்சரித்தது. தர்க்க நூலார் பனிப்படலத்தைப் புகை என்று மயங்குவதைச் சொல்வார்களே, அதுவே இது. ஆகவே பரிசோதனைக்குச் செல்பவர், தாம் உண்ணும் எல்லாவற்றின் பெயரையும், நாட்டு மருந்தும் சத்து மாவும் உட்பட, எழுதி எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்ட வேண்டும். தடித்த எழுத்தைக் கண்டதும் கடைக்காரரிடம் ஓடாமல், உடலில் என்ன தொல்லை, எத்தனை நாளாக, என்ன உணவு என்று அவர் கேட்கும் கேள்விகளுக்கு மறைக்காமல் விடை சொல்ல வேண்டும். வில்ஸ் அந்தப் பெண்களிடம் கேட்டதும் ஏறக்குறைய அவ்வளவுதான்.